எங்கள் கருவாடும் அவர் மாடிக் குளியலறையும்

முதலில் அவருடைய மூக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பார்க்கச் சாதாரண மூக்குதான். கொஞ்சம் சப்பை, கண்ணாடி நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் அரசாங்கம் தன்னை நம்பி ஒப்படைத்த கருவி அது என்பதுபோலத்தான் அவர் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பார். முப்பத்திரண்டு வருடம் ஊர் ஊராகச் சுகாதார ஆய்வாளர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த பிரம்பு போயிற்று, பின்னால் வந்த ஆட்கள் போனார்கள். மூக்கு மட்டும் ஓய்வு பெற மாட்டேன் என்று அடம் பிடித்தது.

மயிலாடுதுறையில் அவர் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் நான்கு வருடம் குடியிருந்தோம். கல்யாணமான புதிது. என் கணவருக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. வீடு கேட்டுப் போன அன்று, மற்ற வீட்டுக்காரர்களைப்போல எத்தனை பேர், எந்த ஊர் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. எங்களைக் கூடத்தில் நிற்க வைத்துச் சுற்றி ஒரு நடை நடந்தார். என் கணவரின் தோளருகே வந்து மூச்சை நீளமாக இழுத்தார்.

"கொள்முதல் நிலையமா?"

"ஆமாங்க சார்."

"இன்னிக்கு ஈர நெல்ல வாங்கிப் போட்டிருக்கீங்க. காயவே இல்ல அது."

என் கணவர் வெலவெலத்துப் போனார். அன்று காலையில் யாரோ ஒரு பெரிய மனிதரின் நெல் அப்படித்தான் வந்து இறங்கியிருந்தது. இவர் வாயை மூடிக்கொண்டு மூட்டை பிடித்திருந்தார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "பொய் சொல்லத் தெரியாத ஆளு. மூஞ்சியே காட்டிக் குடுக்குது. நாளைக்கே வந்துடுங்க" என்றார். எங்களுக்கு அந்த வீடு கிடைத்தது இப்படித்தான்.

அவருக்கு மனைவி இல்லை. நாங்கள் குடி வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகன் மனைவியோடு துபாயில். தரங்கம்பாடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு ஆராதனைக்கு வெள்ளை வேட்டியில் போவார். அங்கேயும் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் மூக்கு திறந்துகொள்ளும் போலிருக்கிறது. இன்னார் முந்தின நாள் குடித்திருக்கிறார், இன்னார் சட்டை துவைத்து நாலு நாள் ஆயிற்று என்று ஒரு பட்டியலோடுதான் திரும்பி வருவார். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் யோசிப்பார்.

ஒரு கல்யாணப் பந்தியில் நானும் அவரும் ஒரே வரிசையில் உட்கார நேர்ந்தது. சோறு போட்டு, சாம்பார் ஊற்றியாயிற்று. அவர் இலைமேல் குனிந்தார், கண்ணை மூடினார், இலையை மடக்கினார். பக்கத்தில் இருந்தவர் மடக்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் மடக்கினார். பெண்ணைப் பெற்றவர் கைகூப்பிக்கொண்டு ஓடி வந்தார். பாவம், வேட்டி நுனி காலில் தட்டி விழப் பார்த்தார். "காலைல வச்ச சாம்பார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பிறகு பார்த்தால் சாம்பார் அப்போதுதான் இறக்கியது. அதை ஊற்றிக்கொண்டு வந்த வாளியில் முந்தின நாள் மோர் இருந்திருக்கிறது, யாரோ சரியாகக் கழுவவில்லை. மறுநாள் இதை அவரிடம் சொன்னேன்.

"நான் சாம்பாருன்னா சொன்னேன்? நாத்தம்னேன். நாத்தம் இருந்துச்சா இல்லியா?"

இருந்தது. அதை மறுக்க முடியாது. அவருடைய குணத்தை இந்த ஒரு சம்பவத்தில் அடக்கிவிடலாம். நாற்றம் இருக்கிறது என்பதில் அவர் மூக்கு ஒரு நாளும் தவறியதில்லை. அது யாரால் என்பதில்தான் தவறும். தவறும்போதெல்லாம் அகப்பட்டுக்கொள்வது வேறு யாராவதாக இருக்கும்.

நியாயமாகச் சொன்னால், அந்த மூக்கால் நான் உயிர் பிழைத்ததும் உண்டு. காஸ் அடுப்பு வாங்கிய புதிதில் ஒரு மத்தியானம் பின்கட்டுக் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "தீப்பெட்டியத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே சிலிண்டரை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார். ரப்பர் குழாயில் எறும்புக்கண் அளவு ஓட்டை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவருக்கு முன்கட்டில் ஈசிசேரில் படுத்திருக்கும்போது தெரிந்திருக்கிறது. கண்ணில் நீர் வர நன்றி சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே என் சமையலறைக்குள் எந்த நேரமும் மூக்கை நீட்டும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

மீன் விஷயம் அப்படித்தான் ஆரம்பித்தது. அவரும் மீன் சாப்பிடுகிறவர்தான். தரங்கம்பாடியில் பிறந்துவிட்டு மீன் சாப்பிடாமல் இருப்பாரா? கூடைக்காரம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் முதல் நிறுத்தம் அவர் வாசல்தான். ஆனால் அவர் வீட்டு மீன் மணக்கும், எங்கள் வீட்டு மீன் நாறும். அதிலும் கருவாடு வைத்தால் போதும், கூடத்து ஜன்னலை அடித்துச் சாத்தும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே கேட்கும்.

இனி மாடிக்கு வருகிறேன். நாங்கள் குடி வந்த வருடம்தான் அவர் மகன் அனுப்பியதை வைத்து மாடியில் ஒரு அறையும், அதை ஒட்டிக் குளியலறையும் கட்டி முடித்தார். ஊரில் அப்போது துபாய், சிங்கப்பூர் வீடுகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். யார் வீட்டில் மாடிப்படி வளைந்து போகிறது, யார் வீட்டில் குளியலறைச் சுவரில் ஓடு கூரைவரை ஏறியிருக்கிறது என்பதெல்லாம் தெருப் பேச்சு. இவர் வீட்டில் ஏறியிருந்தது. இளஞ்சிவப்பு ஓடு, அதே நிறத்தில் வாஷ்பேசின், அதே நிறத்தில் வெஸ்டர்ன் டாய்லெட். கொத்தனாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குழாயையும் தானே மேற்பார்வை பார்த்து வைத்தார். மகன் வந்து ஒரு மாதம் தங்கினான், குளித்தான், போனான். அவன் போன அன்று குளியலறையைக் காய்ந்த துணியால் துடைத்துப் பூட்டினார். சாவி அரைஞாணில் ஏறியது.

அதன் பிறகு மூன்று வருடம் அவன் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் "லீவு சொல்லியிருக்கான்" என்பார். பிறகு லீவைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் சனிக்கிழமை தவறாமல் மாடிக்குப் போய்த் துடைப்பார். காய்ந்த துணியால் மட்டும்தான். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு; ஒரு சொட்டு காய்ந்தாலும் ஓட்டில் வெள்ளையாகக் கறை நிற்கும். அதனால், குழாய் சொட்டுவதைப் பொறுக்காமல், மூன்றாம் வருடத் தொடக்கத்தில் மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயையே திருகி மூடிவிட்டார். ஒருமுறை எங்கள் குளியலறையில் அடைப்பு. விருந்தாளிகள் வேறு வந்திருந்தார்கள். மாடியைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டதற்கு, மாதா கோவில் பலிபீடத்தில் துணி காயப்போடக் கேட்டவளைப்போல என்னைப் பார்த்தார்.

"அது தம்பியோட பாத்ரூம்மா" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் வருடக் கோடையில் நாற்றம் வந்தது. மேட்டூர் மூடி, காவிரி மணலாகக் கிடந்த நாட்கள். முதலில் மாடிப்படியில் லேசாக, பிறகு கூடத்தில், பிறகு மாடி அறைக்குக் கீழே இருந்த என் சமையலறையில். அழுகல் நாற்றம். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். ஒரு வாய் சாப்பிட்டால் இரண்டு வாய் வெளியே வரும். நான்தான் முதலில் போய்ச் சொன்னேன்.

"சார், மாடி பாத்ரூம்லேர்ந்து ஒரு மாதிரி வாடை வருதுங்க."

அவர் மூக்கைத் தூக்கினார். இடமும் வலமும் இழுத்தார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, என்னைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தார்.

"மாடிலேர்ந்து வரல. மாடிக்குப் போவுது. வாடை கீழேர்ந்து மேல போவுமே தவிர மேலேர்ந்து கீழ வராது. நேத்து என்ன கொழம்பு?"

நேற்று நெத்திலிக் கருவாடு. தீர்ந்தது கதை.

இரண்டு வாரம் வீட்டில் மீனும் இல்லை, கருவாடும் இல்லை. ரசமும் அப்பளமுமாகக் கிடந்தோம். நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. "சொவத்துல ஏறியிருக்கும்" என்றார். எங்கள் சமையலறைச் சுவருக்கு வெள்ளையடித்தோம். பிறகு செத்த எலி என்று ஒரு நாள், கொல்லை வாய்க்கால் என்று ஒரு நாள், பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை என்று ஒரு நாள். பக்கத்து வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, "மோந்து பாருங்க, இதுவா அது?" என்று கேட்டார். இவர் மோந்தும் பார்த்தார். தெருவே சிரித்தது. அந்த அவமானம் கடைசியில் வந்து விழுந்தது என் கருவாட்டின் தலையில்தான். தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம், "குடி வச்சது தப்பாப் போச்சு. வீடே நாறிப்போச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார். காய்கறிக்காரி என்னிடம் கேட்டாள், "அப்பிடி என்ன கருவாடுக்கா அது?"

அப்போதுதான் துபாயிலிருந்து போன் வந்தது. மகன் ஆடியில் வருகிறான், டிக்கெட் போட்டாயிற்று. அன்றைக்கே பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆனி முடியறதுக்குள்ள காலி பண்ணிடுங்க. தம்பி வர்றப்ப வீடு இப்பிடி இருக்கக் கூடாது."

என் கணவர், "சார், இவளுக்கு ஏழு மாசம்" என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி வீடு மாறக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதை விடுங்கள், ஆடி பிறந்தால் யாரும் வாடகைக்கு வீடு கொடுக்கவும் மாட்டார்கள். அதற்குள் வேறு வீடு கிடைக்காவிட்டால் நான் அம்மா வீட்டுக்கு, என் கணவர் லாட்ஜுக்கு. முதல் பிள்ளை பிறக்கிறபோது எங்களுக்கென்று ஒரு கதவு இருக்காது. வீட்டுக்காரர் என் வயிற்றைப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார், போய்விட்டார். அன்று ராத்திரி நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அந்த மூக்கு அறுந்து விழ வேண்டும் என்பதுதான் அதில் மரியாதையான பகுதி.

நான்கு வீடு பார்த்தோம். நான்கு இடத்திலும் கருவாட்டுச் செய்தி எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

ஆனியில் பத்து நாள்தான் மிச்சம். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. காலி பண்ணும்போது அதற்கும் நம்மைச் சொல்வார் என்று என் கணவர் ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தார். கூத்தாநல்லூர்க்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவோம். குவைத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், சண்டை வந்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்தவர். சமையலறைக்குள் கால் வைத்ததும் சிரித்தார்.

"என்னங்க தங்கச்சி, குவைத் வாடை அடிக்குது?"

"கருவாட்டு வாடைங்கிறாங்க பாய்."

"கருவாடா? யாரு சொன்னது? மாடில பூட்டிக் கெடக்கற பாத்ரூம் இருக்கா?"

நான் நேராக முன்கட்டுக்குப் போய், "சார், மாடியத் தொறந்து விடுங்க" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் மறுபேச்சில்லாமல் சாவியை அவிழ்த்தார்.

கதவைத் திறந்ததும் என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு படியில் இறங்கிவிட்டார். பாய் உட்கார்ந்து, தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மூடியைக் கழற்றினார். உள்ளே நாலைந்து பாச்சா உருண்டை, ஒரு செத்த கரப்பான். டார்ச் அடித்துக் காட்டினார்.

"இங்க குழா வளைஞ்சு போவுது பாருங்க சார். இந்த வளைவுல எப்பவும் தண்ணி நிக்கணும். அதான் மூடி. அது காஞ்சு போச்சுன்னா செப்டிக் டேங்க் வாடை நேரா மேல ஏறி வந்துரும். டாய்லெட்டுலயும் அதே கதைதான், எலும்பாக் காஞ்சு கெடக்கு. குவைத்துல லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வருவானுங்க, வீடே நாறுதுன்னு எங்களைக் கூப்புடுவானுங்க. ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திட்டு வருவோம்."

கீழேயிருந்து நானே ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து வரப் போனேன், பாய் விடவில்லை. அவரே தூக்கி வந்து ஓட்டையில் பாதி, வெஸ்டர்னில் மீதி, பிறகு இன்னொரு பக்கெட். இளஞ்சிவப்பு ஓட்டில் தண்ணீர் தெறித்தது. ஜன்னலைத் திறந்து வைத்தார். அரை மணி நேரத்தில் நாற்றம் போயே போய்விட்டது. மூன்று மாதம் ஊரையே மோந்து பார்த்த வழக்கு, இரண்டு பக்கெட்டில் முடிந்தது.

வீட்டுக்காரர் தெறித்த தண்ணீரைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்கும் தெரியும் பாய், அதெல்லாம்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் அவர் பின்கட்டுக் கதவருகே வந்தார். நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மோந்து பார்க்காமல் அவர் எங்கள் வாசலில் நின்றது அன்று ஒரு நாள்தான்.

"நீங்க காலி பண்ண வேணாம்மா."

"சரிங்க சார்."

மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். ஆசை தீர வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தேன்.

"தெருவுல யாராச்சும் கேட்டா, நீங்க கருவாட்ட நிறுத்துனீங்க, வாடை போயிருச்சுன்னு சொல்லிடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "நல்லா இருக்கே சார்! பழிய நாங்களே சொமக்கணுமா? தண்ணி காஞ்சா வாடை வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"முப்பத்திரண்டு வருஷம் அதத்தாம்மா ஊரு ஊரா சொல்லிட்டு இருந்தேன்."

"அப்பறம்?"

"புழங்காத வீட்டுலதான் காயும். நான் என் வீட்ட அப்பிடி நெனைக்கவே இல்லியே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப போயி பூட்டிக் கெடந்து காஞ்சு போச்சுன்னு சொன்னா, மூணு வருஷமா அவன் வரலன்னு ஆயிரும்லம்மா."

தெருவுக்கே தெரியும் அவன் வரவில்லை என்று. மாட்டை மோக்கச் சொன்னவருக்குத் தெரியும், காய்கறிக்காரிக்குத் தெரியும், அந்த மாட்டுக்கே தெரிந்திருக்கும். தெருவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். எனக்கு வாய்வரை வந்தது. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் அந்தச் சப்பை மூக்கின் நுனி சிவந்து போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னத்தைச் சொல்ல?

"நிறுத்துனேன்னு சொல்றேன். ஆனா வாரம் ரெண்டு நாள் வைப்பேன்" என்றேன்.

"வைங்க. கத்திரிக்காயும் புளியும் கூடப் போட்டு, மூடி வச்சுக் கொதிக்க விடுங்க. தெருவரைக்கும் போவாது." ஆய்வாளர் திரும்பி வந்துவிட்டார். இரண்டடி போய் நின்றார். "வாளைக் கருவாடா இருந்தா எனக்கும் ஒரு கிண்ணம்."

ஆடியில் மகன் வரவில்லை. லீவு ரத்து. மறு வருடம் தையில் வந்தான், மனைவி வீட்டாரோடு ஒரு வேனில், வேளாங்கண்ணி போகிற வழியில், ஒரு மத்தியானம். நான் கைக்குழந்தையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியதும், "பாத்ரூம் எங்கப்பா?" என்று கேட்டான். கட்டச் சொல்லி அனுப்பியவனே கேட்டான். இவர் அரைஞாணில் சாவியைத் தேடி அவிழ்ப்பதற்குள் அவன் கொல்லைப்புறத்துப் பழைய குளியலறைக்குப் போய்விட்டு வந்துவிட்டான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் முதல் படியில் நின்றார் இவர். நாலு மணிக்கு வேன் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையிலிருந்துதான் அந்தச் சத்தம். ஆறு மணிக்கு எங்கள் சமையலறைக்கு மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம், பிறகு ஃபிளஷ் இழுக்கும் சத்தம். தினமும். உப்புக் கறையைப் பற்றிக் கவலை இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, "மாடில யாருடி?" என்று கேட்டாள். "வீட்டுக்காரர் பையன்" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

நாங்கள் பிறகு சொந்த வீடு கட்டிக்கொண்டு போனோம். அவரும் போய்ச் சேர்ந்தார். போன மாதம் மார்க்கெட்டில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். அந்த வீட்டில் இப்போது குடியிருக்கிறாளாம்.

"அக்கா, நீங்கதான பின்கட்டுல இருந்தீங்க? மாடி பாத்ரூம்ல ஒரே நாத்தம்க்கா. தெருவுல கேட்டா, முன்னாடி இருந்தவங்க கருவாடு வச்சே வீட்ட நாறடிச்சுட்டாங்க, அது போவவே போவாதுங்கிறாங்க. நெசமாக்கா?"

"ஆமாம்மா" என்றேன். "நாங்கதான். நெறையச் சாப்புடுவோம்."

அவள் முகம் சுளித்தது. நகரப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தெனம் காலைல ஆறு மணிக்கு ஒரு பக்கெட் தண்ணி ஊத்து. மறக்காம ஊத்தணும். போயிரும்."